சாவி வண்டியிலேயே இருக்கு

"ஏன்யா டெல்மர், இன்னிக்கும் சாவி வண்டியிலேயேதானா?"

"ஆமா மார்லிஸ். காபி ஊத்து."

பள்ளிக்கூடத்துல என்னோட ஒண்ணாப் படிச்சவன். அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. அதுவும் என் ஹோட்டல்ல உட்கார்ந்து என் பான்கேக்கை முழுங்கும்போது கேட்கவே வேண்டாம்!

முன்னாடி எங்க கான்சாஸ் பக்கம் எல்லாருமே சாவியை வண்டியில விட்டுட்டுப் போனவங்கதான். இப்ப காலம் கெட்டுக் கிடக்கு. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த டாரில் வேற எங்க பக்கத்து வீட்டுலயே குடி வந்திருக்கான்.

டெல்மரோட பிக்கப் வண்டி ராத்திரி பகலா எங்க ஊர்ல பூட்டிக் கிடக்கிற ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கும். இவன் ஊரெல்லாம் நடந்தே திரிவான். இந்த வருஷம் மட்டும் மூணு தடவை வண்டி காணாமப் போய், டேங்க் காலியாகித் திரும்பி வந்திருக்கு. போலீஸ்ல சொன்னானா? ம்ஹூம். டேங்கை நிரப்பி, மறுபடி அதே இடத்துல நிறுத்தினான்!

"பைத்தியமாய்யா நீ?"

"இருக்கலாம். வெண்ணெய் எங்க?"

இரு, உனக்குப் பாடம் வச்சிருக்கேன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். காலையில கடை திறக்க வரும்போதே என் காரை அங்க ஓரமா நிறுத்தி, அவன் வண்டிச் சாவியை உருவி என் ஏப்ரன் பையில போட்டிருந்தேன். தேடட்டும், தவிக்கட்டும். அப்புறம் தரலாம்.

பத்து மணிக்குத் தபால்காரம்மா உள்ள ஓடி வந்தா.

"டெல்மர்! உன் வண்டியை அந்த டாரில் எடுத்துட்டுப் போறான்! என்னா வேகம்!"

என் கை ஏப்ரன் பைக்குப் போச்சு. சாவி இருக்கு. அப்ப வயரை அறுத்துக் கிளப்பியிருக்கான், திருட்டுப் பய!

டெல்மர் அசையவே இல்ல. "போனா வந்துடும்."

நான் விடுவேனா? போனை எடுத்தேன். முதல்ல ஷெரீஃப் ஆபீஸ். அப்புறம் என் தங்கச்சி. அப்புறம் பாதிரியார் சம்சாரம். டாரில் பரம்பரையையே ஒரு மணி நேரத்துக்கு மேல சொல்லித் தீர்த்துட்டு வச்சேன். வச்ச கையோட மணி அடிச்சுது.

"மேடம், டாரில் பேசறேன். எவ்வளவு நேரமா அடிக்கிறேன், லைனே கிடைக்கல!"

"வண்டி எங்கடா, களவாணி?"

"ஐம்பது மைல் தள்ளி, பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல. பதறாதீங்க மேடம். உங்க வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உங்க வீட்டு வாசப்படியில விழுந்துட்டார். ஆம்புலன்ஸ் வரவே ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. உங்க கார் உங்ககிட்ட, என் வண்டி ஓடாது. அதான் டெல்மர் வண்டியை எடுத்துட்டேன். நேரத்துக்குக் கொண்டு வந்துட்டோம்னு டாக்டர் சொல்றார். கண்ணு முழிச்சுட்டார். உங்களைத்தான் கேட்கறார்."

என் ரஸ்ஸல் பிழைச்சுட்டார். அப்பாடா! கடவுளே! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துடுச்சு.

அப்புறம்தான் ஏப்ரன் பையில சாவி குத்துச்சு. வண்டி கிளம்பாமப் போயிருந்தா?

ஆஸ்பத்திரியை மூடின குளிர்காலத்துல, டெல்மரோட சம்சாரம் ஐரீன் ஆம்புலன்சுக்குக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தா. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அந்த வண்டி ஏன் அந்த வாசல்ல நிக்குதுன்னு மட்டும் ஒரு நாளும் யோசிக்கல.

சாவியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். "நான்தான்யா எடுத்தேன். உன் நல்லதுக்குன்னு நினைச்சு... டாரில் எப்படிக் கிளப்பினான்?"

டெல்மர் வாயைத் துடைச்சுக்கிட்டான்.

"நல்லதுன்னு நினைச்சு யாராவது ஒரு நாள் எடுத்துடுவீங்கன்னு தெரியும் மார்லிஸ். அதான் வண்டிக்குள்ள இருக்கிற சாம்பல் தட்டுல இன்னொரு சாவி போட்டு வச்சேன், அவசரத்துல வர்றவன் தேடினா கிடைக்கும். நீ கிளம்பு, கடையை நான் பார்த்துக்கறேன்."