பழுப்பு வளையம்

"தொட்டி மூடியைத் தொறந்தது யாரு, ஹில்டா?"

"இந்த வீட்டுல உங்களையும் என்னையும் விட்டா கைக்குழந்தை ஒருத்தன்தான். அவனைக் கேளுங்க."

ஜெபராஜ் குனிந்து பார்த்தார். கண்ணாடித் தொட்டியில் இன்னொரு மீன் மல்லாந்து மிதந்தது. கோவளத்துப் பாறை இடுக்கில் அவரே வலை போட்டுப் பிடித்து வந்த வரி மீன். இனி இரண்டுதான் மிச்சம்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் அவருக்கு வேலை. மீன்கள் எதனால் சாகின்றன என்று அவருக்குத் தெரியும். கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி, கடைசியில் நைட்ரேட்டாகித் தண்ணீரில் தங்கிவிடும். அது அளவு மீறினால் ரத்தம் கறுத்துப்போகும், காற்றைப் பிடித்துவைக்காது. தண்ணீருக்குள்ளேயே மீனுக்கு மூச்சு முட்டும்.

அதனால்தான் தீனியை ஒரு சிட்டிகையோடு நிறுத்தினார். வாராவாரம் பஸ்ஸில் கேனோடு போய்க் கடல்நீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். அது அறுபத்தொன்பதின் கோடை. தொட்டி மளமளவென்று வற்றியது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், கரைந்திருப்பது எதுவும் போகாது. உப்பு ஏறாமலிருக்க, வற்றிய அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றினார். எல்லாம் முறைப்படிதான். அப்படியும் ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் குழாயில் பழுப்பு வளையம் விழுந்தது. போன தடவையைவிடக் கறுப்பாக.

நைட்ரேட் இருந்தால்தான் அந்த வளையம் விழும். யாரோ எதையோ போடுகிறார்கள்.

"இன்னா சார், இன்னொண்ணும் பூட்ச்சா?"

மதிலுக்கு மேல் தட்சிணாமூர்த்தியின் தலை. ஜெபராஜுக்கு மனை விற்றவர் அவர்தான். மிச்சமிருந்த வயலில் தனக்கு ஒரு மாடி வீடு கட்டி, மதிலை ஒட்டிப் புதிதாகக் கக்கூஸும் கட்டிக்கொண்டவர்.

"அல்லாம் சாவறதுக்குள்ள கொயம்பு வெச்சிடு சார். உப்புகூடப் போட வேணாம்."

ஜெபராஜ் சிரிக்கவில்லை. "பகல்ல இங்க யாராவது வர்றாங்களா?"

"யாரு வரப்போறா? நேத்து உங்கூட்டம்மாதான் மூடியத் தூக்கிகினு நின்னாங்க. கையில இன்னாவோ இருந்திச்சு. நமக்கு எதுக்கு சார் வம்பு?"

தலை மறைந்தது.

ஜெபராஜ் உள்ளே போனார். "நேத்து கையில என்ன வெச்சிருந்தே?"

"கரண்டி. செத்ததை எடுத்து வெளிய போட்டேன். நாத்தம் குடலைப் புடுங்குது."

"உனக்கு இந்தத் தொட்டியே ஆகாது."

"ஆகாதுதான். அதை நான் மறைச்சேனா?" ஹில்டா குழந்தையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இவன் உதட்டைப் பாருங்க. நாவல்பழம் தின்ன மாதிரி. வேப்பேரியில எங்கம்மா வீட்டுல ஒரு வாரம் இருந்தோம், ரோஜாப்பூவா இருந்தான். இங்க வந்ததும் மறுபடி நீலம். இருதயக் கோளாறா இருக்கும்ங்கறார் டாக்டர். வேப்பேரிக்கு ஒரு இருதயம், தாம்பரத்துக்கு ஒரு இருதயமா? எல்லாம் உங்க தொட்டிக் காத்துதான்."

"டீச்சர் டிரெயினிங் முடிச்சவ பேசற பேச்சா இது?"

"அதுங்களும் சாகுது, இவனும் சுருண்டு சுருண்டு படுக்கறான். இந்த மாசத்துக்குள்ள தொட்டி போகணும். இல்லைன்னா நானும் இவனும் வேப்பேரிக்குப் போயிடுவோம். திரும்பி வர மாட்டோம்."

"அதுக்குத்தான் நீயே எதையாவது போட்டுக் கொல்றியா?"

ஹில்டா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "நான்தான்னே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

அன்றே ஜெபராஜ் தொட்டி நீர் முழுவதையும் மாற்றினார். பொடிகூட நுழையாதபடி துணி வைத்துத் தைத்த கம்பிவலையில் மூடி செய்து பூட்டுப் போட்டார். பகலில் சாவி சட்டைப் பையில், ராத்திரி தலையணைக்கு அடியில். கல்லூரிக்குக் கிளம்பும்போது பூட்டின் துவாரத்தில் மெழுகு தடவி வைத்தார். மாலையில் வந்து பார்த்தால் மெழுகு அப்படியே இருக்கும். ஆனாலும் ஒரு மீன் செத்தது.

இரண்டாம் ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் முன்னறை மேசையில் சோதனைக் குழாய்களை வைத்தார். தொட்டி நீர், அதில் அன்னபேதிக் கரைசல், குழாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கந்தக அமிலம்.

வளையம் விழுந்தது.

கேனில் மிச்சமிருந்த கடல்நீரைச் சோதித்தார். அதில் ஒன்றுமில்லை.

அப்படியானால் தொட்டிக்குள் எதுவோ போயிருக்கிறது. பூட்டைத் திறந்தது ஒரே ஒரு கை. தினமும் காலையில், வற்றியதை நிரப்ப.

அது அவருடைய கை.

எழுந்து கொல்லைக்குப் போனார். கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். அதிலிருந்து குழாயில் கொஞ்சம் ஊற்றி, மேசைக்கு வந்து அன்னபேதியும் அமிலமும் விட்டார். வளையம் காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்கி நின்றது. இதுவரை பார்த்ததிலேயே கறுப்பு இதுதான். கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். மதிலுக்கு அந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தியின் கக்கூஸ் குழி.

ஹில்டாவிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவளே சமையலறையிலிருந்து பேசினாள். இரண்டு வாரத்தில் முதல் பேச்சு.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க, அந்தப் பால் பவுடர் டின்னை எடுத்துக் கொடுங்க. இவனுக்கு ஒரு கிருமிகூட ஒட்டக் கூடாதுன்னு இன்னிக்கும் கிணத்துத் தண்ணியைப் பாதியா சுண்டக் காய்ச்சிட்டேன்."