ராக்குவின் குடம்

குழாயடியில் குடத்தைத் தூக்கியதும் உள்ளே ஏதோ கலகலத்தது.

கல்லாக இருக்கும் என்று நினைத்தாள். கவிழ்க்கப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

புளியங்கொட்டை.

ஒன்றிரண்டு இல்லை. குடத்தின் அடி மறையக் கிடந்தது.

ராக்கு குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

விடிந்ததும் விடியாததுமாக வந்து வெறுங்குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் இது நடந்திருக்கிறது.

அந்த ஊரில் புளியங்கொட்டை என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முன்பெல்லாம் பஞ்சாயத்துத் தலைவராக வர நினைப்பவர்கள் அய்யனார் கோயில் முன்னால் ஆளுக்கொரு குடம் வைப்பார்கள். வீட்டுக்கொரு கொட்டை. எல்லாக் குடத்துக்குள்ளும் மூடிய கையை விட்டு எடுக்க வேண்டும். எதில் போட்டார்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. ஜெயித்தவர் மட்டும் அரசாங்கத் தேர்தலுக்கு மனுப் போடுவார். எதிர்த்து யாரும் போடுவதில்லை. ஊர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சட்டம் அது. ஊர்க்கட்டு என்பார்கள்.

பிறகு கோயிலுக்குக் கோபுரம் கட்டும் ஆசை வந்தது. ஆசை வந்தால் காசு வேண்டுமே! கொட்டை போய் ஏலம் வந்தது. அதிகம் கேட்டவர் தலைவர். காசு புழங்கும் இடத்தில் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இவனுக்குப் பின்னால் ஒரு கொடி, அவனுக்குப் பின்னால் ஒரு கொடி. கோபுரம் உயர்ந்துவிட்டது. குழாயில் மட்டும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது.

இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். காண்ட்ராக்டர் செல்லக்கண்ணு தன் மனைவி பஞ்சவர்ணத்தின் பேரில் ஏலம் எடுத்தான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஏலத்துக்கே வரவில்லை.

கூட்டம் கலையும்போது ராக்குதான் வாயைத் திறந்தாள்.

"ஊர்க்கட்ட என்ன சாமியா வந்து எழுதுச்சு? நம்ம வச்சதுதான? கெட்டுப்போச்சுன்னா நம்மதான திருத்தணும்?"

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தியாவது 'ஆமா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீம்புக்காரி. மறுநாளே ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் மனுப் போட்டுவிட்டு வந்தாள்.

ஊர் அவளை அடிக்கவில்லை. ஒரு வசவுகூட இல்லை. கோயில் வரியைக் கொண்டுபோன அவள் புருஷன் வீரணனிடம் வரியை வாங்கவில்லை, அவ்வளவுதான். தட்டில் வைத்த பணத்தை ஊர்ப் பெரியவரான அம்பலக்காரர் விரல் நுனியால் திருப்பித் தள்ளினார்.

வரி வாங்காத வீடு ஊரில் இல்லாத வீடு. அந்த வீட்டு நல்லதுக்கும் யாரும் வர மாட்டார்கள். கெட்டதுக்கும் வர மாட்டார்கள்.

வீரணன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அவளைத் திட்டவில்லை. உள்ளே கிடந்த தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆத்தாளத் தூக்க நாலு பேரு வேணும்ல, ராக்கு?"



மனுவைத் திரும்பப் பெற நேற்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலக வாசலில், பஸ் வரும் பக்கம் பார்த்தபடியே நின்றாள். யாராவது ஒருத்தி வந்து இறங்கி, 'நில்லுடி, நாங்க இருக்கோம்' என்று சொல்லிவிட மாட்டாளா என்று பைத்தியக்காரி மாதிரி நின்றாள்.

பஸ் வந்தது.

அவர்கள் ஊர்க்காரர் ஒருவரும் இறங்கவில்லை.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஊரில் வெடி போட்டார்கள். பஞ்சவர்ணம் போட்டியின்றித் தேர்வு. அம்பலக்காரர் ஆள் அனுப்பி, சிரித்த முகமாக வரியை வாங்கிக்கொண்டார்.

இப்போது, குடத்துக்குள் கொட்டைகள்.

அடிப்பாவிகளா! நேற்று எங்கேடி போனீர்கள்?

நிமிர்ந்து பார்த்தாள். ஒருத்தி குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி, ஏற்கெனவே துடைத்த குடத்தை மறுபடியும் துடைத்தாள். ஒருத்தி அவிழாத கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.

தண்ணீர் வீணாக மண்ணில் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால், குழாயடியில் ஒருத்தி கொஞ்சம் சுணங்கினாலும் அவள் பரம்பரையையே இழுத்து வைவார்கள். இன்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ராக்கு நிற்கிற வரைக்கும் நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நின்று தோற்றிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

கொட்டைகளை மடியில் கொட்டி முடிந்துகொண்டாள். குடத்தை அலசினாள். தண்ணீர் பிடித்தாள். வீட்டில் ஒரு சொட்டு இல்லை, பிடித்துத்தானே ஆக வேண்டும்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் பார்த்தாள். வரிசையின் கடைசியில் பஞ்சவர்ணம் நின்றாள். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது.

அவள் வீட்டில் போர் போட்டு மோட்டார் ஓடுகிறது. இந்தக் குழாயடிக்கு அவள் வந்து வருஷக்கணக்காகிறது.

கையில் குடம் இல்லை.

வலது கையை மட்டும் இறுக மூடியிருந்தாள்.