பின்னால் வருகிறவர்கள்

மேடு தொடங்கியதுமே இசித்ரே காதைத் தீட்டிக்கொண்டார்.

முதலில் சைக்கிள் சங்கிலிச் சத்தம் வரும். அப்புறம் பேச்சு. பின்னால் வருகிற எட்டுப் பேரும் மூச்சிரைக்க மலையேறினாலும் வாய் மட்டும் ஓயாது. அதற்கும் அப்புறம் ஃபெர்ரியோலின் குரல், பள்ளத்தாக்கே கேட்கும்படி வரும்.

"ஏய் கிழவா! இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

இன்றைக்கு அந்தக் குரலைக் காணோம்.

சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். அறுவடை முடிந்து, இலையெல்லாம் பழுத்து, ஆளரவம் இல்லாமல் கிடந்தது. இவருடைய சைக்கிள் சத்தம் இவருக்கே அதிகமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் ஏற்பாடு. ஃபெர்ரியோல் கோஷ்டி ஒன்பது மணிக்குக் கீழூரிலிருந்து கிளம்பும். கால் தளர்ந்த கிழடுகள் ஒரு மணி நேரம் முந்திக் கிளம்பிவிட வேண்டும். வழியில் கோஷ்டி வந்து பிடிக்கும். பிடித்ததும் கொஞ்ச தூரம் சேர்ந்து மிதிக்கலாம். யாராவது ஒருவன் முதுகில் கை வைத்து நாலு வளைவு தள்ளியும் விடுவான். பிறகு அவர்கள் பாட்டுக்குப் பறந்துவிடுவார்கள்.

கிழடுகள் என்றால் இப்போது இசித்ரே ஒருவர்தான்.

அந்த நாலு வளைவுக்காகத்தான் அவர் வாரம் முழுக்கக் காத்திருக்கிறார். இதைச் சொல்ல என்ன வெட்கம்? வேறு எதற்கும் அவர் காத்திருக்கவில்லை.

போன வருஷமெல்லாம் பாதி மலையில் பிடித்தார்கள். இந்த வருஷம் அடிவாரத்திலேயே, கூட்டுறவு ஒயின் ஆலையைத் தாண்டும் முன்பே பிடித்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் உன்னை உன் வீட்டு வாசலிலேயே பிடிப்போம் என்று ஃபெர்ரியோல் கேலி செய்கிறான்.

ஆனால் இன்றைக்கு ஆலை தாண்டியாயிற்று. பாதி மலையும் தாண்டியாயிற்று.

ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். கீழே வளைந்து வளைந்து கிடந்த சாலையில் ஒரு நாய்கூட இல்லை.

நம்மிடம் சொல்லாமல் வேறு வழியில் போய்விட்டார்களோ? இந்தக் கிழவனோடு மல்லுக்கட்டியது போதும் என்று முடிவு பண்ணிவிட்டார்களோ?

சேச்சே, அப்படிச் செய்கிற பையன்கள் இல்லை.

அப்படியானால் ஒன்றுதான் அர்த்தம். அவர்களால் பிடிக்க முடியவில்லை!

அட, இந்தக் காலுக்கா இவ்வளவு தெம்பு!

இசித்ரே இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். வாயில் எச்சில் வற்றியது, தொடை எரிந்தது, விடவில்லை. ஃபெர்ரியோலிடம் என்ன சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தார். 'என்னப்பா, வழியில படுத்துத் தூங்கிட்டீங்களா?' இல்லை, இது காரம் பத்தாது. 'உங்களுக்காகக் காத்திருந்து என் காபி ஆறிப்போச்சு.' ஆமாம், இதுதான் சரி. காலை ஆட்டிக்கொண்டே சொல்ல வேண்டும்.

உச்சியில் தொர்ரெபுருனா, எல்லாரும் காபிக்கு நிற்கிற இடம். ஊர்ச் சதுக்கத்தில் யாரும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சரியாகப் பத்து.

அப்போது மாதாகோயில் மணி அடித்தது. சும்மா எண்ணினார். ஒன்பதோடு நின்றுவிட்டது.

காபிக்கடை நேவுஸ் இரும்புக் கதவைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து வெளியே வந்தாள்.

"என்ன இசித்ரே, இவ்வளவு சீக்கிரம்? நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே."

"மணி பத்தாச்சே, நேவுஸ்."

"எங்க பத்து? ஒன்பதுதான். ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சாச்சுல்ல, குளிர்காலத்துக்கு? ஏன், வீட்டுல யாரும் சொல்லலையா?"

வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாடே செய்கிற காரியம். ஒருவர் மறந்தால் இன்னொருவர் ஞாபகப்படுத்துவார்.

அப்படியென்றால் அவர் கிளம்பியது எட்டுக்கு இல்லை, ஏழுக்கு. கோஷ்டி கீழே இப்போதுதான் சைக்கிளில் ஏறியிருக்கும். காலுக்கு வந்த தெம்பெல்லாம் நொடியில் இறங்கிப்போனது.

"சொன்னா, சொன்னா," என்றார் இசித்ரே. "நான்தான் காதுல போட்டுக்கல."

"எங்க வீட்டு ஆளும் இதே கதைதான்." நேவுஸ் சிரித்துக்கொண்டே கதவை முழுக்கத் தூக்கினாள். "உக்காருங்க, காபி போடறேன்."

நேற்று முழுக்க இசித்ரேயிடம் வாய் திறந்து பேசியது ரொட்டிக்கடைப் பெண் ஒருத்திதான். முழு ரொட்டியா, பாதியா என்று கேட்டாள். பாதி என்றார். அவருடைய வீட்டில் மணி சொல்ல ஆளில்லாமல் போய் இது மூன்றாவது குளிர்காலம். நேவுஸுக்கு அது தெரியாது, இவரும் சொன்னதில்லை.

நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் பின்னாலிருந்து யாரும் கத்திக்கொண்டு வர மாட்டார்கள்.

"இதோ வந்துடறேன்," என்று சைக்கிளைத் திருப்பினார்.

"எங்க போறீங்க? இப்பதானே ஏறி வந்தீங்க!"

காதில் விழாதவர்போல இறங்கினார். ஏறி வந்த மலை முழுவதையும் இறங்கி, ஒயின் ஆலைக்கும் கீழே போய், வண்டியைத் திருப்பி நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

பிறகு இருப்பதிலேயே சின்ன கியரில் போட்டு, மெல்ல மெல்ல மறுபடி ஏறத் தொடங்கினார்.