புறம் மாறிய நாலு

1942இல் இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை முற்றத்தில் போர் விமானம் ஒன்று விழுந்து எரிந்தது. அங்கே தேயிலைப் பெட்டிகளுக்கு நம்பர் அடித்துக்கொண்டிருந்த சவரிநாதன் அதில் இறந்துபோனார்.

அண்ணனைக் கொன்ற விமானம் எது என்று தெரியாமல், தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டரான தம்பி இக்னேசியஸுக்கு மனம் ஆறவில்லை. வெந்த தகடுகளில் ஓர் எழுத்துகூட மிஞ்சியிருக்கவில்லை. பதினோரு வருஷம் சீமையில் விமானப்படைக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் அந்த விமானத்தின் படம் ஒன்று வந்தது. 1941இல், சீமையில் கப்பலேற்றும் முன்பு, புதிதாக நம்பர் அடித்த அன்று எடுத்ததென்று பின்புறம் எழுதியிருந்தது.

விமானத்தின் பக்கவாட்டில் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. மற்ற இலக்கங்கள் நேராக இருந்தன. 4 மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி நின்றது.

சவரிநாதனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 4 வெட்டிய தகர அச்சை மட்டும் எப்போதும் புறம் மாற்றி வைத்து மையடித்துவிடுவார். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரிடம் அதற்காக வாங்காத ஏச்சில்லை. பக்கத்து டவுனான அட்டனைத் தாண்டி அவர் எங்கும் போனதுமில்லை.

மாஸ்டர் படத்தை அண்ணி பவுலினிடம் கொடுத்தார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அங்கயும் அவர ஏசியிருப்பாங்களே, தம்பி" என்றாள்.