குகையின் இடது ஓரம்

"படத்துக்குக் கீழே என் பேரு வரணும், சார்."

கனகா கேட்டேவிட்டாள். நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியது அது ஒன்றைத்தான். "லீவு கேளு, அட்வான்சு கேளு. பேரு மட்டும் கேட்டுப்போடாத கண்ணு, மொதலாளிமாருக்கு ஆகாது. நானும் உங்கப்பனும் மைசூர்ல எத்தன மாடி கட்டியிருக்கறோம்? எந்தச் செவுத்துலயாச்சும் எங்க பேரு இருக்குதா?"

அதைத்தான் கனகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் இல்லை?

வேலாயுதம் டீ டம்ளரை மேஜையில் வைத்தார். மைசூர் சயாஜி ராவ் ரோட்டில் மாடியில் அவர் ஸ்டுடியோ. கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது அவர் தொழில். படம் எடுப்பது கனகா. தொழில் மட்டும் அவருடையது.

"வீட்டுல மொதல் டிகிரி வந்துட்டா தலையில கொம்பு மொளைச்சுடும் போல. சும்னே, பேசாம வேலையப் பாரும்மா. அந்த இடது பக்கத்த வெட்டு. சாயங்காலத்துக்குள்ள பிரிண்டுக்குப் போகணும்."

திரையில் இருந்தது கோகர்ணம் பக்கம் ஒரு கடல் குகைக்குள்ளிருந்து எடுத்த படம். தசராவுக்கு நடக்கும் படக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. நாளைக் காலை திறப்பு விழா. அவர் புதுச் சட்டை தைத்துவிட்டார்.

நல்ல படம். அவளுக்கே தெரியும்.

சுற்றிலும் கருப்பு. நடுவில் குகையின் வாய் மட்டும் வெளிச்சம். அதற்குள் கடல். கடலுக்கு முன்னால் மை பூசினாற்போல இரண்டு பேர். அலை உள்ளே வந்து திரும்பும்போது வாசல் மணலில் ஒரு வெள்ளிப் பூச்சை விட்டுப்போகும், கண் சிமிட்டினால் போய்விடும். அந்தப் பூச்சு வேண்டும் என்றுதான் குகையின் பின்பக்கப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கேமராவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முதுகு பாறையில் உரச உரச நின்றாள். உப்பில் விறைத்த சுடிதாரோடுதான் மைசூர் வந்து இறங்கினாள்.

போன வாரம் வந்த ஒரு ஜோடியிடம் வேலாயுதம் இதே கதையைச் சொன்னார். "எல்லாரும் வெளிய நின்னுட்டாங்க. நான் ஒருத்தன்தான் உள்ள போனேன். இடுப்பளவு தண்ணி, பாத்துக்கோங்க!" பெண் வீட்டார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். கனகா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"இடது சுவரை எடுத்தா குகையே இல்ல சார். ஏதோ பாறையோரம் ரெண்டு பேரு நிக்கற மாதிரி ஆயிடும். நாம உள்ள இருந்து பாக்கறோம்னு சொல்றதே அந்தச் சுவருதான்."

"பாக்கறவங்களுக்கு ஜோடி பெருசாத் தெரிஞ்சாப் போதும். வெட்டும்மா."

முதல் தடவை படத்தைக் காட்டியபோது அவருக்கு இடது பக்கம் பிடித்துத்தான் இருந்தது. அப்போது சுவரெல்லாம் கரியாய்க் கிடந்தது. பாறையின் வரிகள் தெரியட்டுமே என்று இருட்டை மட்டும் கொஞ்சம் வெளுக்க வைத்து மறுபடி காட்டினாள். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அன்றிலிருந்துதான் 'வெட்டு, வெட்டு'.

"சரி, பேரு?" என்றாள்.

அவர் குரலை இறக்கினார். "நீ என் பொண்ணு மாதிரி. அடுத்த படத்துக்குப் பாக்கலாம்."

அந்த அடுத்த படம் அவள் சேர்ந்த நாளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

கனகா மவுஸை எடுத்தாள். கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இடது சுவர் போனது. குகை போனது. ஒரு ஆணும் பெண்ணும் கடல் பார்த்து நின்றார்கள், காலண்டர் படம் மாதிரி.

"நோடு, நல்லாப் பாரு, இப்ப எப்படி இருக்கு!" என்றார் வேலாயுதம்.

அவள் எழுந்தாள். ஸ்டுடியோ சாவியையும் கேமராவையும் மேஜையில் வைத்தாள். டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள்.

"நாளையிலிருந்து நான் வரல சார்."

"போய் எங்க நிப்பே?" சிரித்தார். "பேரு கேக்கற பொண்ண எவன் சேத்துக்குவான்?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். படியிறங்கிவிட்டாள்.

பேருக்குச் சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்காட்சி மண்டபத்துக்கு ஓடியிருப்பாள். மாட்டிய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்திருப்பாள். சொல்லவில்லை.

இன்று காலையில் ஸ்டுடியோவுக்கு வரும் முன்பே பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த படம் அது. வெட்டாத படம். இருட்டை இன்னும் நன்றாக வெளுக்க வைத்த படம்.

அதன் இடது ஓரத்தில், பாறைத் திட்டின் மேல், ஒருவர் குந்தியிருக்கிறார். பேன்ட் முழங்கால்வரை சுருட்டியிருக்கிறது. இரண்டு செருப்பையும் மார்போடு அணைத்திருக்கிறார். அலைக்குப் பயந்து கண்ணை இறுக மூடியிருக்கிறார். வாசல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுவதால் ஆள் யாரென்று நன்றாகவே தெரிகிறது.

படத்துக்குக் கீழே ஒட்டிய சீட்டு அவர் சொன்னபடியேதான் இருக்கிறது.

'எடுத்தவர்: வேலாயுதம்.'

அதில் ஓர் எழுத்தைக்கூட அவள் தொடவில்லை.