குண்டு நெல்

மாரிக்கண்ணு முறத்தைத் தட்டத் தட்ட, பதர்தான் பறந்தது.

ஆராய்ச்சி மாணவி விஜயஸ்ரீ குனிந்து ஒரு கை பதரை அள்ளிப் பார்த்தாள். அது பாலிதீன் கூண்டுக்குள் வளர்ந்த நெல். இன்னும் ஐம்பது வருஷம் கழித்துக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்குமோ, அவ்வளவையும் இப்போதே கொடுத்து வளர்த்தது. வெளியே நின்ற பயிரைவிட ஒரு சாண் உயரம். சேரன்மகாதேவி பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

உயரம் இருந்து என்ன செய்ய? கார் பருவத்து வெயில் கூண்டுக்குள் இன்னும் கூடிப்போய், பாதிக் கதிர் மணி பிடிக்கவில்லை.

போன இரண்டு தடவையும் கூண்டு நெல்தான் எடை கூடுதல். அதை வைத்து அவளுடைய பேராசிரியர் சிவசண்முகம் டெல்லியில் கட்டுரை வாசித்துவிட்டார். வருங்காலக் காற்று விளைச்சலைக் கூட்டுமாம். பதினோரு மணிக்கு ஜீப்பில் வருகிறார்.

எப்போதும் தூற்றி முடித்த பிறகுதான் விஜயஸ்ரீ களத்துக்கு வருவாள். இன்று இருப்புக் கொள்ளாமல் முன்னாலேயே வந்து தொலைத்தாள்.

பார்க்கச் சகிக்காமல் தராசு எடுக்கப் போனாள். வேண்டுமென்றே பையத் திரும்பி வந்தாள்.

மாரிக்கண்ணு நெல்லைப் பையில் கட்டி வைத்திருந்தாள். நிறுத்தால் நாலு கிலோ இருநூறு. வெளி நெல்லைவிட அறுநூறு கிராம் கூடுதல்.

விஜயஸ்ரீக்கு அழுகையே வந்துவிட்டது. எண்ணை எழுதிவிட்டு, ஆசையாகப் பைக்குள் கையை விட்டாள்.

குண்டு மணிகளுக்கு நடுவே மெலிந்து நீண்ட மணிகள். இந்த வயலில் போட்டது குண்டு நெல் மட்டும்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வயலில் அறுப்புக் கூலியாக வாங்கிய நெல்லை மாரிக்கண்ணு காலையில் துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அந்தத் துணி இப்போது வெறுமனே அவள் தோளில் கிடந்தது.

இந்தக் கூண்டு விளையாவிட்டால் என் படிப்பு அவ்வளவுதான் என்று முதல் நடவன்று விஜயஸ்ரீ சிரித்துக்கொண்டே சொன்னாள். மாரிக்கண்ணு அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது.

மாரிக்கண்ணு குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கம்மா. இந்தத் தடவ சன்ன நெல்லுதான் கூலி அளந்தாங்க. போன ரெண்டு தடவையும் குண்டு நெல்லே கிடைச்சுது, கலந்தது தெரியல."