மூன்றாவது மாடியில் ஒருத்தர்

“அசையாதேடா! பிணம் எங்கேயாவது இப்படி மூச்சு வாங்குமா?” என்று மேலாளர் குனிந்து அதட்டினார்.

கட்டில், மெத்தை விற்கும் கடையின் மூன்றாவது மாடிக் கிடங்கு அது. கடைசி அறையில் மல்லாந்து கிடந்த கனத்த உருவத்தின் கன்னத்தில் அவர் இன்னொரு கை கரியை அப்பினார்.

“சார், நான் பிணமில்ல. வெறும் மயக்கம்தான்னு நீங்கதானே சொன்னீங்க? அதுவும் வெறுந்தரை முதுகைக் குத்துது. முன்னறையில புது மெத்தை விரிச்சிருக்கே, அதுல மயங்கிக்கிறேனே!”

“அது முதலாளி தூங்குற மெத்தை. அதுல கரி ஒட்டினா உன் தோலை உரிச்சிடுவார். தீயணைப்புக்காரங்க வந்து தூக்குற வரைக்கும் இங்கேயே கிட. இடியே விழுந்தாலும் எழுந்திருக்கக் கூடாது.”

கிடந்தவன் விற்பனைப் பிரிவில் இருப்பவன். உடம்பு வாகைப் பார்த்துக் கடையில் அவனுக்குத் ‘தலகாணி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் முதலாளி குரலில் எல்லாரையும் வைது சிரிக்க வைப்பான். நடிப்புக்கு வேறு யாரைப் போய்த் தேடுவது?

தீ விபத்து ஒத்திகையைத் தீயணைப்பு அதிகாரி கண்ணாரப் பார்த்துத் திருப்தி அடைந்தால்தான் பாதுகாப்புச் சான்றிதழ். இல்லையென்றால் கடைக்குச் சீல். “கடையை இழுத்துப் பூட்டினா, முதல்ல உன் வேலைக்குத்தான் பூட்டு” என்று முதலாளி காலையிலேயே மேலாளரிடம் போனில் சொல்லிவிட்டார்.

“நீங்களும் வந்து நின்னா ஒரு கௌரவமா இருக்கும், முதலாளி.”

“வந்தா, அவசரப் படிக்கட்டுல ஏன் சோபாவை அடுக்கி வெச்சிருக்கேன்னு அந்த ஆள் என்னைத்தான் குடைவான். நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு” என்றார் முதலாளி, பெரிய கொட்டாவியோடு.

மேலாளர் அப்படியே சொன்னார், அதிகாரியும் தலையாட்டிக்கொண்டார். சோபாக்கள் காலையிலேயே வண்டியேறிப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டன. சாயங்காலம் படிக்கட்டுக்கே திரும்பிவிடும்.

மணி அடித்தது. அடித்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. தொண்டை கட்டிய ஆடு மாதிரி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. ஆனாலும் சொல்லி வைத்தபடி ஊழியர்கள் “தீ! தீ!” என்று கத்திக்கொண்டு, சீவிய தலை கலையாமல், வரிசையாக வாசலுக்கு வந்து நின்றார்கள்.

படிக்கட்டில் ஒத்திகைப் புகை நிறைந்தது. தீயணைப்பு வீரர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு மேலே ஓடினார்கள்.

“மூணாவது மாடியில குண்டா ஒருத்தர் படுத்திருப்பார்! விட்டுடாதீங்க!” என்று மேலாளர் அவர்கள் முதுகைப் பார்த்துக் கத்தினார்.

விடவில்லை. சற்று நேரத்தில் தூக்குப்படுக்கை இறங்கி வந்தது. அதன்மேல் ஈரக் கம்பளியில் தலைமுதல் கால்வரை சுருட்டி, மூக்கில் ஆக்சிஜன் மூடி வைத்த ஒரு பெரிய உருவம், வலையில் விழுந்த விராலாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

“மயங்கினவர் ஏன் இந்தத் துள்ளு துள்ளுறார்?” என்றார் அதிகாரி.

மேலாளர் அவசரமாக முன்னால் வந்தார். படித்துப் படித்துச் சொல்லியும் கெடுத்துவிட்டானே, பாவி! “மயக்கம் தெளியும்போது வர்ற பதற்றம் சார். அதையும் ஒத்திகையில சேர்த்திருக்கோம்.”

“அட, பரவாயில்லையே! நிஜ விபத்துலயும் இப்படித்தான் முரண்டு பிடிப்பாங்க. வாரை இன்னும் இறுக்குங்கப்பா.”

மூடிக்குள்ளிருந்து குரல் கொப்பளித்தது. “விடுங்கடா! நான் யாருன்னு தெரியுமா? யோவ் மேனேஜர், உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “அச்சு அசல் முதலாளி!” என்று கல்லாவில் உட்காரும் பெண் கைதட்டினாள். “இன்னைக்கு ரொம்பத் தூக்கலா இருக்குண்ணே!”

மேலாளருக்கும் உற்சாகம் தலைக்கேறியது. எத்தனை வருஷத்து வசவு! கம்பளிக்கு மேலேயே நங்கென்று ஒரு குட்டு வைத்தார்.

“டேய் தடிமாடு, பேசாம படுடா! உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நீ எடுத்துக்கிட்டது அந்தக் கஞ்சப் பிசினாரி குரல். அதுல நல்ல வார்த்தை எங்கேருந்து வரும்?”

சிரிப்பு இன்னும் பலத்தது. தூக்குப்படுக்கையில் இருந்த உருவம் சட்டென்று துள்ளுவதை நிறுத்தியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல அப்படியே அடங்கிவிட்டது.

“பார்த்தீங்களா சார்? சொன்னா கேட்டுக்குவான்.”

அதிகாரி மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவ்வளவு தத்ரூபமான ஒத்திகையை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. சான்றிதழ் இன்னைக்கே உங்க கைக்கு வந்துடும். உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவார்.”

“கண்டிப்பா சார். அவர் ஊர்லேருந்து வந்ததும் நானே நேர்ல சொல்றேன்” என்று மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் கிசுகிசுத்தது தலகாணி.

“சார், இன்னும் எவ்வளவு நேரம் நான் இங்க மயக்கமாவே கிடக்கணும்?”